கூடு விட்டுக் கூடு

மேசை விளக்கை அணைத்தேன்.
ஜன்னல் வெளிச்சம் போதும்.
ஏரி உறைந்துவிட்டால் டுலூத்தில்
பிப்ரவரிக்கு நிழலே கிடையாது.

வெர்லின் ஓக்ஸ் கையுறையைக் கழற்றவில்லை.
கோட்டின் உள்பையிலிருந்து எடுத்து வைத்தார்,
தூங்கும் பூனைக்குட்டியை இறக்கிவிடுவது போல.
1889, கார்சன் சிட்டி, வெள்ளி டாலர்.
படகு மோட்டாரை விற்று வாங்கியதாம்.
"மதிப்பெண்ணைப் பாருங்கள்" என்றார்.
காசைப் பார்க்கச் சொல்லவில்லை.

அறுபத்திரண்டு.
பிளாஸ்டிக் கூட்டின் நெற்றியில் அச்சாகியிருந்தது.
அடுத்து எண், கோடு கோடாக ஒரு பட்டை,
அதற்கும் கீழே அந்த அம்மாள்
பக்கவாட்டு முகத்தோடு,
எங்கள் இருவரையும் பார்க்காமல்.

இர்யா கோஸ்கெலா என்று என் பெயர்
கதவில் எழுதி இருபத்தாறு வருடம் ஆகிறது.
முன்பெல்லாம் காசு பொய் சொல்லும்.
இப்போது
காசுக்குப் போட்ட சட்டை பொய் சொல்கிறது.

விளிம்பை நகத்தால் தடவினேன்.
நல்ல கூட்டின் இரு பாதியும்
சத்தத்தின் சூட்டில் உருகி ஒட்டியிருக்கும்;
தையல் தெரியும், பசை தெரியாது.
இதில் ஒரு மூலையில்
கசிந்து காய்ந்திருந்தது,
தூங்கி எழுந்த பிள்ளையின் கடைவாய் போல.

ஹாலோகிராம் முத்திரையைச் சாய்த்தேன்.
நிறம் மாறியது. படம் மாறவில்லை.
ஒன்பதின் வால் கொஞ்சம் அதிகமாகச் சுருண்டிருந்தது.
இதையெல்லாம் வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன்.
தொழிற்சாலைக்கும் சோம்பல் உண்டு,
நல்ல கூட்டிலும் கோணல் எழுத்து கண்டிருக்கிறேன்.

எண்ணைத் தட்டினேன்.
எண் உண்மை.
திரையில் வந்த படத்தில்
அம்மாளின் கன்னத்தில் ஒரு கீறல்,
ஒரு காட்டரிசி நீளம்.
கையில் இருந்தவளுக்கு வடுவே இல்லை.
வயதானால் காயம் கூடும்;
குறைந்து நான் பார்த்ததில்லை.

"இது வேறொருத்தியின் பெயர்" என்றேன்.

கையுறையை அப்போதுதான் கழற்றினார்.
"கூடுதானே பொய்? காசு?"
"உடைத்தால் தெரியும்."
கதவைப் பார்த்தார்.
அந்தப் பார்வையை நான் அறிவேன்:
உடைக்காத வரை இன்னொருவர் தலையில் கட்டலாம்.
ஹிப்பிங்கில் ஒரு மைத்துனர் இருப்பதாக
யாரும் கேட்காமலே சொன்னார்.

நான் பேசவில்லை. ஹீட்டர் பேசியது.
வெளியே ஒரு லாரி
உப்புத் தூவிக்கொண்டே போனது.

"சுத்தியல் இருக்கிறதா?"

இடுக்கியே போதுமாயிருந்தது.
மூலையைக் கடித்ததும்
பட்டாணித் தோல் மாதிரி பிளந்தது.
எடை சரி.
சுண்டினேன்: வெள்ளியின் குரல்தான், நீளமாக.
பின்பக்கம், மாலைக்குக் கீழே,
உருப்பெருக்கியில் இரண்டு சின்ன எழுத்துகள்,
இரண்டையும் சுற்றி முடியளவு நிழல்.
பிலடெல்பியாவில் பிறந்த சாதாரணக் காசு.
எவனோ ஊர்ப்பெயர் ஒட்டியிருக்கிறான்.

"அப்படியானால் எவ்வளவுக்குச் செல்லும்?"
கழுகுக்குக் கீழே விரல் வைத்தேன்.
ஒரு டாலர் என்று இருந்தது.
"இந்த வரியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை."

சிரிப்பார் என்று நினைத்தேன்.
இல்லை.
வெள்ளி விலைக்குத் தரவும் மனம் வரவில்லை.
வெறுங்கைக்குள் மூடிக்கொண்டார்.
வாங்கிய நாளிலிருந்து முதல் தடவை
அது அவர் தோலில் பட்டது.
"சில்லென்று இருக்கிறதே" என்றார்
யாரிடமோ.

கூட்டை மறந்தாரா, விட்டுவிட்டுப் போனாரா,
தெரியாது.
என் இழுப்பறையில் இதுபோல் நாற்பது,
பெயர் உண்டு, எண் உண்டு, மதிப்பெண் உண்டு.

கடை மூடுமுன் மறுபடி அந்த எண்ணைத் தட்டினேன்.
அதே கீறலோடு வந்தாள்.
எந்த ஊர் அலமாரியில் இருக்கிறாளோ,
தன் பெயரில் ஒருத்தி
படகு மோட்டார் விலைக்குப் போனது தெரியாமல்.